மனிதர் எட்டாத பவளத்திட்டுகள்: தொலைவு எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால் ஸ்காட் ரீஃப் என்ற பவளத்திட்டு இருக்கிறது. 1998ஆம் ஆண்டு வெப்ப அலையில் அங்கே உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 9 சதவீதத்துக்குச் சரிந்தது. அக்கம்பக்கத்தில் வேறு பெரிய திட்டு கிடையாது. வெளியிலிருந்து பவள லார்வாக்கள் மிதந்து வந்து சேர வழியும் இல்லை. இப்படித் தனித்துக் கிடக்கும் திட்டு ஒருமுறை விழுந்தால் எழுவது கடினம் என்பதுதான் அதுவரை இருந்த கணிப்பு. ஆனால் 12 ஆண்டுகளில் பவளப் பரப்பு 44 சதவீதத்துக்கு ஏறிவிட்டது.

இன்னொரு பக்கம், நடுப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டி ஜார்விஸ் தீவு. அங்கே குடியிருப்பும் இல்லை, விவசாயமும் இல்லை, சாக்கடையும் இல்லை. அப்போது மீன்பிடிக்கத் தடையும் இருந்தது. பசிபிக் நீர் வழக்கத்தை விடச் சூடேறும் எல் நினோ 2015-16ல் வந்தபோது அதன் பவளத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் செத்துப்போனது.

இரண்டுமே ஊரை விட்டு வெகுதூரத்தில் உள்ளவை. ஒன்று எழுந்தது, இன்னொன்று அடியோடு விழுந்தது. தொலைதூரத் திட்டுகள் கைபடாத சொர்க்கம் என்று ஒரு தரப்பும், வெப்பம் எல்லாவற்றையும் அழிக்கப்போகிறது, பாதுகாப்பெல்லாம் வீண் என்று மறுதரப்பும் பேசுவதைக் கேட்கிறோம். இரண்டுமே பாதி உண்மைதான். தொலைவு அடியைத் தடுப்பதில்லை. அடிபட்ட பிறகு எழுவதற்கான வலுவைத்தான் தருகிறது. அந்த வலு எங்கிருந்து வருகிறது, அதை எது கெடுக்கிறது என்று தெரிந்தால்தான் அங்கே செய்ய வேண்டிய வேலை என்னவென்று புரியும். அந்த வேலையில் பெரும்பகுதி, வியப்பாக இருந்தாலும், தண்ணீருக்கு வெளியே நடக்கிறது.

சுறாக்களை எண்ணுவதில் உள்ள சிக்கல்

ஆள் நடமாட்டமில்லாத திட்டில் முதலில் கண்ணில் படுவது பெரிய மீன்கள். சாம்பல் பவளச்சுறா, பாரை, களவா, செப்பிலி எல்லாம் கூட்டமாகத் திரியும். நடுப் பசிபிக்கின் லைன் தீவுகளில் நடந்து 2008ல் வெளியான ஆய்வு ஒன்று, யாரும் வசிக்காத கிங்மன் ரீஃபில் மீன்களின் மொத்த எடையில் 85 சதவீதம் உச்ச வேட்டை மீன்கள் என்று சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வாழும் கிரிட்டிமாட்டியில் அது 19 சதவீதம். மொத்த மீன் எடையும் கிங்மனில் சுமார் 4 மடங்கு. தின்பவை அதிகம், தின்னப்படுபவை குறைவு என்ற இந்தத் தலைகீழ்ப் பிரமிடு உடனே புகழ்பெற்றது.

பிறகு கேள்விகள் கிளம்பின. முக்குளித்து எண்ணும் முறையிலேயே ஒரு பொறி இருக்கிறது. 7.5 மீட்டர் ஆரமுள்ள கற்பனை உருளைக்குள் நின்றுகொண்டு 10 நிமிடம் எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். அசையாமல் கிடக்கும் களவாவை எண்ணினால் கணக்கு சரியாக வரும். சுறா அப்படி இல்லை. நொடிக்கு அரை மீட்டர் நீந்தினாலே 10 நிமிடத்தில் 300 மீட்டர் கடந்துவிடும். அந்த நேரத்தில் உருளையைக் கடந்துபோன அத்தனை சுறாவையும் கூட்டினால், எங்கிருந்தோ வந்தவற்றை எல்லாம் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடைத்ததாக ஆகிவிடும். மனிதரைப் பார்த்தே பழகாத சுறா விலகிப் போவதற்குப் பதில் என்னவென்று பார்க்க நெருங்கியும் வரும். அதே லைன் தீவுகளைச் சேர்ந்த பால்மைரா பவளத்தீவில் சுறாக்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடித்துக் கணக்கிட்டபோது கிடைத்த எண்ணிக்கை சுமார் 8,300 சாம்பல் பவளச்சுறா, அதாவது சதுர கிலோமீட்டருக்கு 21. 2017ல் வந்த இந்தக் கணக்கு முந்தைய மதிப்பீடுகளை விட மிகக் குறைவு. அப்படியும் மீன்பிடிப்பு நடக்கும் பெரும்பாலான திட்டுகள் கனவிலும் காணாத எண்ணிக்கை.

தலைகீழ்ப் பிரமிடு முழுக்கப் பொய்யும் அல்ல. பிரெஞ்சு பாலினேசியாவின் ஃபகராவா தீவில் தென்பக்க நீர்வாய்க்கால் ஒன்றில் 700 வரை சுறாக்கள் கூடுகின்றன. உள்ளூர் இரை அவற்றுக்குப் பற்றாது. ஆண்டுதோறும் ஜூன், ஜூலை வாக்கில் 17,000க்கும் மேற்பட்ட களவா மீன்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து முட்டையிட அங்கே வந்து குவிகின்றன. சோறு வெளியூரிலிருந்து நடந்து வருகிறது. அந்த வரத்து நிற்காத வரைதான் அவ்வளவு சுறாக்களும் அங்கே தாங்கும். ஆகவே வாய்க்காலைச் சுற்றி மட்டும் எல்லைக்கோடு போட்டுவிட்டு, களவா புறப்பட்டு வரும் திட்டுகளை வலைக்கு விட்டுவிட்டால் சுறாவும் மிஞ்சாது.

கணக்கெடுப்பில் இன்னொரு பிழை சத்தமில்லாமல் நுழையும். மீனின் எடையைக் கண்மதிப்பான நீளத்திலிருந்துதான் கணிக்கிறோம், எடையோ நீளத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் ஏறும். நீளத்தை 10 சதவீதம் கூட்டிச் சொல்லிவிட்டால் எடை 33 சதவீதம் கூடிவிடும். தண்ணீருக்கடியில் முகமூடிக் கண்ணாடி வழியே எல்லாம் பெரிதாகத் தெரியும் என்பதால், நீளம் தெரிந்த பிளாஸ்டிக் மீன் உருவங்களை வைத்துப் பயிற்சி எடுத்த பிறகே எண்ண இறங்குவது வழக்கம். ஆளில்லாமல் எண்ண, இரை கட்டிய கேமரா உண்டு. இரும்புச் சட்டத்தில் கேமராவைப் பொருத்தி, நசுக்கிய எண்ணெய்ச் சத்துள்ள மீன் சுமார் 1 கிலோவைப் பையில் கட்டி, 60 நிமிடம் கடலடியில் விடுவார்கள். ஒரே மீன் பத்து முறை வந்து போகும் என்பதால் வரவுகளைக் கூட்டுவதில்லை. ஒரே சமயத்தில் திரையில் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை மட்டுமே எழுதுவார்கள்.

சுறாக்களின் மேல் இவ்வளவு கவனம் இருந்தாலும், திட்டின் உணவுக் கணக்கை நடத்துபவை கண்ணுக்கே தெரியாதவை. 5 சென்டிமீட்டருக்கும் குறைவான, இடுக்குகளில் ஒட்டிக் கிடக்கும் மீன்கள் பிறந்து, தின்னப்பட்டு, மறுபடி நிரம்பிக்கொண்டே இருக்கின்றன. பவளத்திட்டில் இரையாகும் மீன் சதையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் இவற்றிலிருந்து வருவதாக 2019ல் வந்த ஆய்வு காட்டியது. கிரேட் பாரியர் ரீஃபில் வாழும் எவியோட்டா சிகில்லாட்டா என்ற குட்டி மீன் அதிகபட்சம் 59 நாள்தான் உயிரோடிருக்கும். முதுகெலும்புள்ள விலங்குகளில் பதிவானவற்றிலேயே இதுதான் குறைந்த ஆயுள். முக்குளிப்பவரின் கணக்கில் இவை வரவே வராது. இவற்றையும் நண்டு, புழு, கடற்பஞ்சு வகைகளையும் அறிய, பிளாஸ்டிக் தகடுகளை இடைவெளி விட்டு அடுக்கி ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கடலடியில் விட்டு வைப்பார்கள். பிறகு பெட்டியால் மூடி மேலே தூக்கி, தகடு தகடாகச் சுரண்டி மரபணு பார்ப்பார்கள்.

வெப்பம், அதன் பிறகு வரும் காலி நிலம்

பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கையில் விளையும் உணவின் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. வெப்பமும் வெயிலும் கூடும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்களைக் கக்குகிறது. பவளம் பாசியை வெளியேற்றுகிறது. நிறம் போய், கண்ணாடித் திசு வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. வெளிறல் எனப்படும் இது சாவு அல்ல, பட்டினி. சில வாரத்தில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், குளிராவிட்டால் சாவுதான்.

எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்த இடத்தின் வழக்கமான வெப்பமிகு மாதச் சராசரியை விட 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் தொடங்குகிறது. கடந்த 12 வாரங்களில் அப்படிக் கூடிய டிகிரிகளை வாரக்கணக்கில் கூட்டுவார்கள். 2 டிகிரி கூடுதலாக 2 வாரம் இருந்தால் மதிப்பு 4. 4ஐத் தொட்டால் வெளிறல் எதிர்பார்க்கலாம், 8ஐத் தாண்டினால் பரவலான சாவு. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா செயற்கைக்கோள் தரவைக் கொண்டு இதை நாள்தோறும் வெளியிடுகிறது. 2023ல் தொடங்கிய வெப்பத்துக்கு இந்த அளவுகோல் போதாமல் போய், மேலே புதிய எச்சரிக்கை நிலைகளைச் சேர்க்க வேண்டி வந்தது. நான்காவது உலகளாவிய வெளிறல் என்று 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது அதுவே.

ஜார்விஸ் ஏன் அப்படி விழுந்தது? நிலநடுக்கோட்டு ஆழ்நீரோட்டம் கிழக்கே ஓடும் வழியில் இந்தத் தீவில் மோதி, குளிர்ந்த சத்துமிக்க நீரை மேலே தள்ளுகிறது. அதனால்தான் அங்கே மீன் வளம் கொழிக்கிறது. எல் நினோ ஆண்டில் அந்த நீரோட்டம் தளர்ந்துவிடும். குளிர்ச்சிக்குப் பழகிய பவளத்தின் மேல் மாதக்கணக்கில் வெந்நீர் நின்றது. எந்தக் காவல் சட்டமும் அந்த நீரோட்டத்தைத் திருப்ப முடியாது.

பவளம் செத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் திட்டுக்குத் திட்டு வேறுபாடு. ஸ்காட் ரீஃபில் முதல் 6 ஆண்டு புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டியது பழைய அளவில் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அங்கங்கே பிழைத்துக் கிடந்த துண்டுகள் பெருத்துக்கொண்டே வந்தன. பருவமடைந்து அவை முட்டையிட ஆரம்பித்ததும் குஞ்சு வரத்து கிடுகிடுவென்று ஏறியது. கவனிக்க வேண்டியது அந்த இடைப்பட்ட 6 ஆண்டைத்தான். அத்தனை காலமும் காலி நிலம் காலியாகவே, பாசி மண்டாமல் இருக்க வேண்டும். கிளிமீனும் ஓராவும் இடைவிடாமல் மேய்ந்தால் இளஞ்சிவப்பு நிறச் சுண்ணாம்புப் பாசி பரவும். பவள லார்வா தேடி ஒட்டுவது அதன் மேல்தான். மேய்ச்சல் மீனை வலைபோட்டு அள்ளிவிட்ட இடத்திலோ, மண் கலங்கி வரும் கரையோரத்திலோ அதே 6 ஆண்டில் சதைப்பற்றுள்ள கடற்பாசி நிலத்தைப் பிடித்துவிடும். பிறகு லார்வா வந்தாலும் ஒட்ட இடமிருக்காது. ஊரிலிருந்து தொலைவில் இருப்பதன் உண்மையான ஆதாயம் இதுதான்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. 12 ஆண்டு அவகாசம் கிடைத்ததால் ஸ்காட் ரீஃப் எழுந்தது. 2016ல் மறுபடி கடுமையாக வெளிறியது. இந்தியப் பெருங்கடல் நடுவிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டமும் 1998க்குப் பிறகு மீண்டு, 2015, 2016 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டு அடிவாங்கிப் பவளப் பரப்பில் சுமார் 60 சதவீதத்தை இழந்தது. வேகமாக வளரும் கிளைப் பவளம்தான் முதலில் போகும். மெதுவாக வளரும் உருண்டைப் பவளங்கள் மிஞ்சும். பரப்புக் கணக்கில் திட்டு தேறியதுபோலத் தோன்றினாலும், மீன் ஒளியக் கிளைகள் இல்லாத வேறொரு திட்டாக அது மாறியிருக்கலாம். பவளப் பரப்பு என்ற ஒரே எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது இந்தத் துறையின் பழைய பலவீனம்.

எலியும் எச்சமும்

சாகோஸில் இயற்கையே வைத்த சோதனை போல ஓர் அமைப்பு இருக்கிறது. சில தீவுகளுக்குக் கப்பல்களோடு 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கருப்பு எலி வந்து சேர்ந்தது. சிலவற்றுக்கு வரவே இல்லை. தட்பவெப்பம், கடல், மீன்பிடித் தடை எல்லாம் ஒன்றே. 2018ல் வெளியான ஒப்பீட்டில், எலியில்லாத தீவுகளில் கடற்பறவை அடர்த்தி எலியுள்ள தீவுகளைப் போல 760 மடங்கு. பூபி, ஆலா போன்றவை திறந்த கடலில் இரை தின்று தீவில் எச்சமிடுவதால் மண்ணில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு. மழையில் கரைந்து அது திட்டுக்கு இறங்குகிறது. பறவையுள்ள தீவை ஒட்டிய திட்டில் மீன் எடை சுமார் 48 சதவீதம் அதிகம், மேய்ச்சல் 3 மடங்குக்கு மேல். எலி முட்டையைத் தின்றது. பறவை போனது, எச்சம் நின்றது, அதனால் கிளிமீனின் வளர்ச்சி குறைந்தது.

சாக்கடையிலும் உரத்திலும் நைட்ரஜன்தானே வருகிறது, அது பவளத்தைக் கெடுக்கும்போது எச்சம் மட்டும் எப்படி நல்லது செய்யும் என்ற கேள்வி எழும். வேறுபாடு விகிதத்தில் இருக்கிறது. வயல் கழிவில் நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பற்றாமல் போவது வழக்கம். பவளத்தின் உள்ளே இருக்கும் பாசி பெருகி, பாஸ்பரஸ் பஞ்சத்தில் நலிந்து, வெப்பத்தில் எளிதாக விழும். எச்சத்தில் இரண்டும் சேர்ந்து, சிறிது சிறிதாக, ஆண்டாண்டாக இறங்குகிறது. பறவைத் தீவு அருகே கிளைப் பவளம் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக வளர்வதையும், வெளிறலிலிருந்து சுமார் 10 மாதம் முன்பே தேறிவிடும் என்பதையும் 2023ல் வந்த ஆய்வு காட்டியது. வெளிறலை எச்சம் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழும் வேகத்தை மட்டும்தான் அது கூட்டியது.

ஆகவே திட்டைக் காக்க முதலில் தீவில் எலியை ஒழிக்க வேண்டும். ஒழிப்பு என்றால் 100 சதவீதம். 99.9 சதவீதம் என்பது தோல்விதான். சினையுற்ற ஒரு பெண் எலி மிஞ்சினால் சில ஆண்டில் பழைய எண்ணிக்கை வந்துவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோடிஃபாகூம் கலந்த தீனி உருண்டைகளை ஹெலிகாப்டரில் தொங்கும் வாளியிலிருந்து தூவுவது வழக்கமான முறை. ஒவ்வொரு பறப்புப் பாதையும் முந்தையதன் மேல் படியும்படி செயற்கைக்கோள் வழிகாட்டியோடு பறக்க வேண்டும், விட்டுப்போன பட்டை எங்கும் இருக்கக் கூடாது. சில நாள் இடைவெளியில் இரண்டாவது சுற்றும் உண்டு. முதல் சுற்றில் வலிய எலிகள் தீனியைப் பிடித்துக்கொண்டால், ஒதுக்கப்பட்டவையும் வளைக்குள் இருந்த குஞ்சுகளும் இரண்டாவதில் தின்ன வேண்டும்.

வெப்பமண்டலத் தீவில் இது குளிர்நாட்டுத் தீவை விடக் கடினம். தரை நண்டுகள் தீனியை வாரித் தின்றுவிடும். நண்டின் உடலமைப்பு வேறு என்பதால் நஞ்சு அவற்றைக் கொல்வதில்லை, எலிக்குப் பங்கு மட்டும் குறைந்துபோகிறது. பால்மைராவில் 2011ல் ஹெக்டேருக்கு முதல் சுற்றில் 80 கிலோ, இரண்டாவதில் 75 கிலோ என்று கொட்ட வேண்டி வந்தது இதனால்தான். குளிர்ப் பிரதேசத் தீவுகளில் இதில் சிறு பங்கே போதும். எலி தென்னை உச்சியிலேயே குடும்பம் நடத்தும் என்பதால், தண்ணீர் மேல் சாய்ந்த மரங்களின் கொண்டைக்குள்ளும் தீனி வைக்கப்பட்டது. நஞ்சு கொஞ்சம் காயலுக்குள் போனதும் உண்மை, மடவை மீன்களில் அதன் எச்சம் கண்டறியப்பட்டது. வலசை வந்த கரைப்பறவைகளில் சிலவற்றை முன்கூட்டியே பிடித்துக் கூண்டில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது.

பால்மைராவில் எலி முழுதாக ஒழிந்தது. யாரும் எதிர்பாராத விதமாக, எலி ரத்தத்தை நம்பி வாழ்ந்த ஆசியப் புலிக் கொசுவும் கூடவே காணாமல் போனது. அதே 2011ல் தென் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவில் முயற்சி தோற்றது. பல்லாயிரக்கணக்கில் இருந்தவற்றில் பிழைத்தவை 60 முதல் 80 எலிகள்தான் என்று பின்னர் மரபணு ஆய்வு மதிப்பிட்டது. இன்று தீவு மறுபடி எலி மயம். 2012ல் வேக் தீவில் இரண்டு எலி இனங்களில் ஒன்று ஒழிந்தது, மற்றது தப்பியது. மக்கள் குடியிருக்கும் இடத்தில் சமையலறைக் கழிவு கிடைக்கும்போது சில எலிகள் தீனி உருண்டையைச் சீண்டாமலே விட்டுவிடலாம். வேலை தொடங்கும் முன் குப்பையைப் பூட்டி வைப்பது ஹெலிகாப்டரை விட முக்கியம்.

எலி போனதும் பறவை தானாக வந்துவிடும் என்று நினைக்கவும் கூடாது. தேங்காய் எண்ணெய்க்காகத் தீவு முழுக்கத் தென்னை நட்ட காலம் ஒன்று இருந்தது. காற்றில் ஓலை ஆடும் மரத்தில் பூபிகள் கூடுகட்ட விரும்புவதில்லை. அவற்றுக்குப் பிடித்தது பிசோனியா என்ற, சண்டிக்கீரை இனத்துப் பருத்த மரம். தென்னையை வெட்டி அந்த மரங்களை மீட்பது, பொம்மைப் பறவைகளை நட்டு ஒலிபெருக்கியில் பறவைக் குரல் ஒலித்து அழைப்பது என்று அடுத்த கட்டம் பல ஆண்டு நீளும்.

இரும்பு

கண்டங்களிலிருந்து வெகுதூரத்தில், வெறும் சுண்ணாம்பாலான தீவைச் சுற்றியுள்ள நீரில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு. பல பாசிகளின் வளர்ச்சியைத் தடுத்து வைத்திருப்பதே அந்தப் பற்றாக்குறைதான். அங்கே ஒரு கப்பல் தரைதட்டித் துருப்பிடிக்கத் தொடங்கினால் கதவு திறந்ததுபோல ஆகிவிடும். 1991ல் பால்மைராவில் மூழ்கிய நெடுந்தூண்டில் கப்பலைச் சுற்றி, பவளத்தின் உறவினமான, ஆனால் சுண்ணாம்பு கட்டாத ரோடாக்டிஸ் என்ற உயிரி கம்பளமாகப் படர்ந்து பவளத்தை மூடியது. கப்பலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் அது போயிருந்தது. கிங்மனிலும் இப்படிச் சிதைந்த கப்பலருகே பாசியும் நுண்ணுயிரும் மண்டி நீரே கலங்கி, திட்டு கருத்துப்போனது. இதைக் கருந்திட்டு என்றே சொல்கிறார்கள். அமெரிக்க சமோவாவின் ரோஸ் தீவில் 1993ல் ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டி சுமார் 1 லட்சம் காலன் டீசல் கொட்டியது. டீசல் போன பிறகும் நீலப்பச்சைப் பாசி பல ஆண்டு மண்டிக்கிடந்ததற்கு மிஞ்சிய இரும்பே காரணம். கடைசித் துண்டுகளை அகற்றி முடிக்க 2007 ஆனது.

ஒரு நடைமுறைக் கணக்கு இங்கே தவறிவிடுகிறது. பெரிய துறைமுகம் அருகே சிதைந்த கப்பல் மீனுக்கு வீடு, அப்படியே விடலாம் என்பார்கள். கண்டத்து மண் கரைந்து வரும் கடலில் அது சரியாகவே இருக்கலாம். நடுக்கடல் சுண்ணாம்புத் திட்டில் அதே முடிவு பல பத்தாண்டுச் சேதம். எண்ணெயை உறிஞ்சியதும் காப்பீட்டுக்காரர் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிறார், இரும்பு கிடக்கிறது. தரைதட்டிய முதல் சில வாரத்தில் முழு உடலாக இழுத்துவிட்டால் ஆகும் செலவு ஒன்று. அலையில் உடைந்து நூறு துண்டாகிப் பவளத்துக்குள் சிக்கிய பிறகு முக்குளிப்பவர் வெட்டி, படகில் ஏற்றி, ஆயிரம் மைல் கொண்டுபோவது முற்றிலும் வேறு செலவு.

வலை, மிதவை, வருகையாளர் காலணி

ஆளில்லாத தீவில் குப்பை குறைவு என்று எண்ணத் தோன்றும். சீஷெல்ஸின் அல்டப்ராவில் 2019ல் 5 வாரம் பாடுபட்டு அகற்றியது 25 டன். தீவில் இன்னும் கிடப்பதாக மதிப்பிடப்பட்டது சுமார் 513 டன், அதில் எடைக்கணக்கில் 83 சதவீதம் மீன்பிடித் தொழிலிலிருந்து வந்தது. முழுதும் அள்ள 46 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்பது அப்போதைய கணக்கு. ஹவாயின் வடமேற்குத் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 52 டன் வலையும் கயிறும் புதிதாக வந்து சேர்கின்றன.

திட்டில் சிக்கிய வலையைப் படகில் கட்டி இழுப்பது பெருந்தவறு. இழுத்தால் பவளக் கிளைகளும் வேரோடு வரும். கைக்கத்தியால் பகுதி பகுதியாக அறுத்து, பவளம் வலைக்குள்ளேயே வளர்ந்துவிட்ட இடத்தில் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை மடித்துச் சிறு படகில் ஏற்ற வேண்டும். ஆழமில்லாத இடத்தில் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கியே இறங்குகிறார்கள். முதுகுச் சிலிண்டரும் குழாயும் வலையில் மாட்டிக்கொண்டால் கழற்றுவது கடினம். அழுத்தச் சிகிச்சைக்கான அறை பல நாள் பயணத் தொலைவில் இருக்கும் இடத்தில் எந்த ஆபத்தும் இரட்டிப்பு.

சூரை மீன் கப்பல்கள் கடலில் விடும் மிதவைகள் இன்னொரு தொல்லை. நிழல் தேடி மீன் கூடட்டும் என்று மூங்கில் தெப்பத்துக்குக் கீழே பத்துக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு வலையோ கயிறோ தொங்கவிடுவார்கள். செயற்கைக்கோள் கருவி அது எங்கே மிதக்கிறது என்று சொல்லும். மீன்பிடிப் பகுதியை விட்டு விலகிப் போனதும் நிறுவனம் கருவியை அணைத்துவிடுவது வழக்கம். தெப்பம் திட்டில் மோதப்போகும் நேரத்தில்தான் அது எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. தீவை நெருங்கும்போது எச்சரிக்கை அனுப்ப வைக்கும் ஏற்பாடு சீஷெல்ஸில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மலிவானது, பலன் தருவது. எல்லாக் கடலிலும் இன்னும் கட்டாயம் ஆகவில்லை.

காக்கப் போகிறவர்களும் ஆபத்தைச் சுமந்து போகிறார்கள். ஹவாயின் பபஹானௌமோகுவாகேயா காப்பகத்தில் சில தீவுகளில் கால்வைக்க, துணியும் காலணியும் புதிதாக இருக்க வேண்டும், 48 மணி நேரம் உறையவைத்திருக்க வேண்டும். விதை, எறும்பு, முட்டை எதுவும் போய்விடக் கூடாது. அதே காப்பகத்தின் பெர்ல் அண்ட் ஹெர்மிஸ் திட்டில் 2016ல் முதலில் பார்க்கப்பட்ட கொண்ட்ரியா டுமுலோசா என்ற சிவப்புப் பாசி தடித்த பாயாகப் படர்ந்து பவளத்தை மூடுகிறது. அங்கே முக்குளித்த கருவிகளை வெளுப்புக் கரைசலில் ஊறவைக்காமல் அடுத்த தீவுக்கு எடுத்துப்போவதில்லை. இவ்வளவுக்கும் பிறகு அது அதே காப்பகத்தின் மிட்வே தீவு வரை பரவிவிட்டது. மிதக்கும் வலைகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் பொருந்தாதே.

வரைபடத்தில் கோடு போட்ட பிறகு

பெரிய காப்பகங்களின் பரப்பு தலைசுற்ற வைக்கும். சாகோஸ் 2010ல் 6,40,000 சதுர கிலோமீட்டர், பபஹானௌமோகுவாகேயா 2016ல் விரிவாக்கப்பட்டு சுமார் 15 லட்சம். சாகோஸைக் காவல் காத்தது பெரும்பாலும் ஒரே ஒரு ரோந்துக் கப்பல். பெரிய கப்பல்கள் தம் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவியை வைத்திருக்கும், அணைத்தால் அணைத்த இடமே சந்தேகத்தைக் கிளப்பும். சுறாவுக்காக வரும் சிறு மர, ஃபைபர் படகுகளில் அந்தக் கருவியே இருக்காது, ரேடார் செயற்கைக்கோளிலும் சரியாகப் பதியாது. சாகோஸில் சுறாக்களுக்குப் பொருத்திய ஒலிக்கருவிகளே ஒருமுறை துப்புக் கொடுத்தன. 2014 டிசம்பரில் சில நாட்களுக்குள் பல சுறாக்களின் சைகை ஒருசேர நின்றுபோனதைப் பின்னர் ஆராய்ந்தபோது, அதே நாட்களில் அங்கே சட்டவிரோதப் படகுகள் பிடிபட்டிருந்தது தெரியவந்தது.

பணமும் உண்டு. கிரிபாட்டி நாடு 4,08,250 சதுர கிலோமீட்டர் பீனிக்ஸ் தீவுக் காப்பகத்தை 2015 தொடக்கம் முதல் வணிக மீன்பிடிப்புக்கு மூடியது. 2021ல் திறக்க முடிவெடுத்தது. இதைத் துரோகம் என்று வெளியார் எழுதினார்கள். அந்த நாட்டு அரசின் வருவாயில் பெரும்பகுதி சூரை மீன்பிடி உரிமக் கட்டணம். மூடியதால் இழந்ததை ஈடுகட்ட வந்த நிதி அதற்கு ஈடாகவில்லை. இந்தக் கணக்கைத் தீர்க்காமல் எத்தனை காப்பகம் அறிவித்தாலும் அடுத்த அரசு திறந்துவிடலாம். திட்டின் மேய்ச்சல் மீனும் அதன் பவளமும் ஆழ்கடல் சூரையைவிட மிகச் சிறு பரப்பில், கரையை ஒட்டியே இருக்கின்றன என்பதையும் பேச்சில் மறந்துவிடுகிறோம். சில நூறு சதுர கிலோமீட்டரில் எலி ஒழிப்பும் இரும்பு அகற்றலும் ஒழுங்காக நடந்தால் திட்டுக்குக் கிடைக்கும் பலனை, லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் அறிவிப்பு தானாகத் தராது.

சாகோஸ் விஷயத்தில் இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1973 வரை அங்கிருந்த மக்கள் அனைவரையும் ராணுவ தளத்துக்காக, தீவுகளை நிர்வகித்த பிரிட்டன் வெளியேற்றியது. ஆளில்லாத் தீவாக அது ஆக்கப்பட்டது இப்படித்தான். காப்பக அறிவிப்பின்போது, தீவுகள் தனக்கே உரியவை என்று கோரிவந்த மொரிஷியஸின் உரிமைகளைக் கருதாமல் பிரிட்டன் நடந்துகொண்டது கடல் சட்ட உடன்படிக்கைக்கு முரண் என்று 2015 மார்ச்சில் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. 2019ல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டனின் நிர்வாகமே சட்டப்படி சரியில்லை என்று கருத்துரைத்தது. இறையாண்மையை மொரிஷியஸுக்கு மாற்றும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானது. திட்டின் நலனை மட்டும் பார்த்தாலும் இது பொருட்படுத்த வேண்டியதே. எலி மறுபடி ஏறாமல் ஒவ்வொரு படகையும் சோதிக்கவும், தரைதட்டிய கப்பலை முதல் வாரத்திலேயே கண்டு சொல்லவும், கரை ஒதுங்கிய வலையை அலை மறுபடி இழுத்துப் போகும் முன் எடுக்கவும் ஆண்டு முழுக்க அங்கே ஆட்கள் தேவை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து மூன்று வாரம் எண்ணிவிட்டுப் போகும் ஆய்வுக் கப்பலால் இந்த வேலையைச் செய்ய முடியாது.